பஞ்ச் எண் முப்பத்தொன்று

அந்த வண்டியை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே
அதன் எஞ்சினைத் தாங்கும் இடது மவுண்டிங்கை
நாற்பதாயிரம் தடவை கையில் எடுத்திருந்தேன்.
குறிச்சி சிட்கோ, மூன்றாவது சந்து,
சென்னியப்பன் எஞ்சினியரிங், தரச் சோதனை மேசை.
தேறிய துண்டில் என் எண்ணை அடிப்பேன்: 31.

முதல் தலைமுறை வார்ப்பிரும்பு.
ஒரு கிலோ நானூற்றுப் பத்து கிராம்.
மதியச் சோற்றுக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும்.
விளம்பரத்தில் அது ஓர் ஆற்றைத் தாண்டியது.
எனக்குத் தெரிந்து அதை முதலில் வாங்கியவர்
சூலூர்க் கோழித்தீவனக்காரர்.
அவர் தாண்டப் பார்த்தது
மழைநாளில் லங்கா கார்னர் பாலத்தடித் தண்ணீர்,
அதுவும் பாதிவரைக்கும்தான்.

இரண்டாவதில் அலுமினியம்.
எடை பாதிக்கும் கீழே.
விளக்குகள் இடுங்கி
யாரையோ முறைக்கக் கற்றுக்கொண்டது வண்டி.
நீளம் மட்டும் அப்படியே நின்றது.
நாலு மீட்டரைத் தொட்டால் வரி ஏறும்,
அதனால் ஐந்து மில்லிமீட்டர் முன்பே மூச்சை அடக்கிக்கொண்டு
ஒன்றரை சென்ட்டில் மூன்று மாடி எழுப்பும்
திருப்பூர்க்காரர் மாதிரி
மேலே மேலே வளர்ந்தது.

மூன்றாவதில் டீசல் போயிற்று.
மூன்று சிலிண்டர் பெட்ரோல், உதறல் அதிகம்.
வரைபடத்தில் இரண்டு துளைகள்
மூன்று மில்லிமீட்டர் நகர்ந்து வந்தன.
ஏனுங்க என்றேன்.
"அங்க எவனுக்கோ ராத்திரி தூக்கம் வந்திருக்காதுங்க அம்மணி"
என்றார் சென்னியப்பன்.

தூக்கம் எனக்கும் போனது அந்தத் துளையால்தான்.
ஒரு நைட் ஷிப்ட்.
வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.
கடைசிப் பெட்டியில் கடைசித் துண்டு,
துளை இரண்டு மைக்ரான் அல்ல, இருபது மைக்ரான் பெரிது.
தலைமயிரை நாலாய்க் கிழித்தால் ஒரு கீற்று.
அடித்தேன்
முப்பத்தொன்று.

அதிலிருந்து சிக்னலில் எது பக்கத்தில் நின்றாலும்
கண்ணாடியை இறக்கி
அதன் இடது பக்கத்துக்குக் காது கொடுப்பேன்.
ஸ்கூட்டர்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

நாங்களும் ஒன்று வாங்கினோம், மூன்றாவது தலைமுறை,
ஈரோட்டு மண்டிக்காரர் ஓட்டியது,
சீட்டைத் தட்டினால் இன்றும் மஞ்சள் பறக்கும்.
திம்பம் மலையில் பத்தொன்பதாம் வளைவு.
இடது பக்கம் கிடுகிடுவென ஒரு நடுக்கம்.
"நிறுத்துங்க."
பானெட்டைத் தூக்கி, போன் வெளிச்சத்தில்
சுடும் குழாய்களுக்கிடையே கையை விட்டு
எழுத்தைத் தடவினேன், குருடி மாதிரி.
ஒன்று. நான்கு.
பதினாலு, மரியபுஷ்பத்தின் எண்.
அவள் இருபது மைக்ரானை விடுகிற ஆளில்லை.
அடித்தகட்டில் ஒரு போல்ட் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.
"என்னம்மா தேடுன?" என்றாள் மகள்.
"போல்ட்டு" என்றேன்.
கரும்பு லாரி ஒன்று எங்களைச் சுற்றி
அலுத்துக்கொண்டே ஏறிப் போனது.

நாலாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
பாதி பேட்டரி, பாதி பெட்ரோல்,
மவுண்டிங்கில் பாதி பிளாஸ்டிக்.
திரை மட்டும் எங்கள் வீட்டு டிவி அளவு.

போன வாரம் ஐந்தாவதன் வரைபடம் வந்தது.
பெயர் அதேதான்.
எஞ்சின் இருந்த இடத்தில்
இரண்டு பை வைக்கலாமாம்.
என் துண்டு அதில் இல்லை.
பதிலாகப் பேட்டரிச் சட்டத்தின் ஒரு மூலை,
இடது பக்கம்தான், ஆறு துளைகள்,
விலகல் பத்து மைக்ரானுக்குள்.

நேற்று ஒன்று சோதனை ஓட்டமாய்ச் சந்துக்குள் வந்தது.
வாசல்வரை வந்ததே தெரியவில்லை,
நாய்கூடத் தலை தூக்கவில்லை.
எல்லோரும் கை தட்டினார்கள்.
நான் குனிந்து அதன் இடது பக்கம் காது வைத்தேன்.
சத்தமே இல்லை.

தப்பு இருந்தால் இது காட்டிக்கொடுக்காது.
புது கேஜுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
வரும்வரை ஒவ்வொரு துளையையும்
இரண்டு தடவை அளக்கிறேன்.
லாரி நிற்கட்டும்.